ஐஸ் ஃபேக்டரியிலிருந்து இருநூறு மீட்டர்

அத்தியாயம் 7

கூரியர்க்காரனின் மோட்டார் பைக் மூன்றாவது தடவையாக பேக்கரி வாசலைக் கடந்தபோது, ரமிரோ பொறுக்க மாட்டாமல் எழுந்து வெளியே ஓடினார்.

"தம்பி! எதுக்குய்யா சும்மா சும்மா சுத்தி வர்றே? யாரைத் தேடறே?"

கூரியர்க்காரன் ஹெல்மெட் கண்ணாடியை உயர்த்தினான். "சொக்கோரோன்னு ஒரு அம்மாவுக்குப் பார்சல் சார். பார்மசிக்குத் தெற்கேன்னு எழுதியிருக்கு. மழையில எழுத்து பாதி கரைஞ்சு போச்சு."

"பார்மசியா?" தன் அம்மாவைத் திட்டிவிட்டது போல ரமிரோவின் முகம் மாறியது. "அது நேத்து முளைச்ச கடை. அதை வெச்சு எவனாவது வழி சொல்லுவானா? ஐஸ் ஃபேக்டரியைப் பிடி. ஐஸ் ஃபேக்டரிலேருந்து இருநூறு மீட்டர் தெக்கே, அப்புறம் ஆத்துப் பக்கம் அம்பது."

"ஐஸ் ஃபேக்டரி எங்க சார் இருக்கு?"

"இல்லை. இடிச்சுட்டாங்க."

"எப்போ?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடி."

கூரியர்க்காரன் வானத்தை ஒரு தடவை பார்த்தான். பிறகு தப்பான திசையில் வண்டியை விட்டான்.

பேக்கரியின் கடைசி மேஜையில் உட்கார்ந்திருந்த உலாத்தே இதைப் பார்த்துச் சிரித்தார். அந்த மேஜைதான் அவருடைய துப்பறியும் நிறுவனம். போலீஸ் வேலையை விட்டதிலிருந்து, காணாமல் போன கணவர்களையும் நாய்களையும் அங்கே உட்கார்ந்துதான் கண்டுபிடிக்கிறார். நாய்கள் மட்டும்தான் சந்தோஷமாகத் திரும்பி வருகின்றன என்பது அவருடைய உதவியாளர் கிரெத்தலின் கருத்து.

உலாத்தேயின் கைபேசி அடித்தது. நகராட்சி குமாஸ்தா. உலாத்தே காதில் வைத்துக் கேட்டார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

"ரெண்டு," என்றார் கைபேசியை வைத்துவிட்டு.

"என்ன ரெண்டு?" என்று உள்ளே வந்தார் ரமிரோ. தோளில் மெகாபோன் தொங்கியது. மற்றவர்கள் குடை எடுத்துக்கொண்டு போகிற மாதிரி அவர் மெகாபோன் எடுத்துக்கொண்டு போவார். மெம்ப்ரியோ பள்ளத்தின் குடியிருப்போர் சங்கத் தலைவர். இருபது வயதிலிருந்து உலாத்தேயின் சிநேகிதர். உலாத்தேயின் மகளுக்கு ஞானத்தகப்பன்.

"மெம்ப்ரியோ பள்ளம் மொத்தத்துக்கும் நகராட்சிக்குப் போய்ச் சேர்ந்தது ரெண்டே ரெண்டு பட்டா விண்ணப்பம். ஒண்ணு உன்னோடது மச்சான். இன்னொண்ணு நிக்கராகுவாலேருந்து வந்த அந்த சொக்கோரோ அம்மாவோடது. மத்தது எதுவும் வரவே இல்லையாம்."

"வரலையா? தின்னுட்டானுங்கன்னு சொல்லு!" ரமிரோ மேஜையைத் தட்டியதில் காபிக் கோப்பை குதித்தது. "மேட்டுல அந்த பில்டர் போர்டு நட்டு வெச்சிருக்கான் பாரு, அவன்கிட்ட வாங்கித் தின்னுட்டு, நம்ம விண்ணப்பத்தை அழிச்சுட்டானுங்க!"

விஷயம் இதுதான். ஆற்றங்கரைப் பள்ளத்தில் ஒண்டியிருந்த குடும்பங்களுக்கு முதல் தடவையாகப் பட்டா தருவதாக நகராட்சி சொல்லியிருந்தது. கடைசி நேரம் இன்று மாலை நான்கு மணி. அதற்குள் யாரும் கேட்காத மனை, ஆளில்லாத மனை. ஆளில்லாத மனை பில்டருக்கு. நகராட்சியின் சொந்தப் படிவம் தெருப் பெயரும் கதவு எண்ணும் கேட்டது. சான் ஹொசே நகரத்திலேயே பாதிப் பேருக்கு அது இரண்டும் கிடையாது, பள்ளத்தில் யாருக்கு இருக்கும்? அதனால் ரமிரோ சங்கத்தின் சார்பில் தனியாக ஒரு இணையப் பக்கம் செய்ய வைத்திருந்தார். நம்மவர்கள் பேசுகிற மாதிரியே முகவரி எழுதலாம். அது நேரே நகராட்சிக்குப் போய்விடும்.

"எல்லாருக்கும் பச்சை டிக் வந்துச்சே," என்றார் உலாத்தே. "எனக்கும் வந்துச்சு. 'நன்றி, கிடைத்தது'ன்னு. நீ பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்ல நான்தானே என் விரலால அடிச்சேன்."

"அதான் சொல்றேன், கிடைச்சிருக்கு, அப்புறம் அழிச்சிருக்கான்."

"திரும்ப ஒருதடவை போட்டுட்டா என்ன?" என்றாள் கிரெத்தல், வாய் நிறைய சோளப் பணியாரத்தோடு.

"கூடவே கூடாது!" ரமிரோ விரலை ஆட்டினார். "ரெண்டு தடவை போட்டா ரெண்டுமே செல்லாதுன்னு சட்டம் பேசுவான். யாரும் போன்ல கை வைக்கக் கூடாது. நான் ஜனங்களைத் திரட்டிக்கிட்டு நகராட்சி வாசலுக்குப் போறேன். நாலு மணி வரைக்கும் ஒருத்தரும் அசைய மாட்டோம். நீ அந்தத் திருடன் யாருன்னு மட்டும் கண்டுபிடி மச்சான். உன்னை விட்டா எனக்கு யாரு?"

உலாத்தேயின் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனார்.

கிரெத்தல் பேக்கரியின் வைஃபையில் சங்கத்தின் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "வெள்ளிக்கிழமையிலேருந்து என் போன்ல டேட்டா இல்ல முதலாளி. இங்க மேய்ஞ்சுக்கிட்டாத்தான் உண்டு."

"மேய்ஞ்சது போதும். எழுந்திரு."

"எங்க? நகராட்சிக்கா?"

"தொலைஞ்சதைத் தேடணும்னா, தொலையாததுகிட்ட முதல்ல கேக்கணும். சொக்கோரோ வீட்டுக்கு."

சொக்கோரோ கல்லில் சோள ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாள். கல் நடுவில் விரிசல் விட்டு, ஒவ்வொரு ரொட்டியிலும் ஒரு கோடு விழுந்தது.

"புதுக் கல்லுக்கு ஆர்டர் போட்டு நாளாச்சு. கூரியர்க்காரன் வந்து சேர மாட்டேங்கறான்," என்றாள்.

"வருவான்," என்றாள் கிரெத்தல். "இந்நேரம் பனாமா எல்லையைத் தாண்டியிருப்பான். திரும்பி வர்ற வழியில வருவான்."

உலாத்தே நேரே விஷயத்துக்கு வந்தார். "ஊர்ல யாரோடதும் போகலை அக்கா. ரமிரோவை விட்டா உங்களோடது மட்டும்தான் போயிருக்கு. நீங்க என்ன செஞ்சீங்க?"

சொக்கோரோவின் கை நின்றது. "சாமி சத்தியமா நான் ஒண்ணும் செய்யலைங்க. வேற நாட்டுக்காரின்னு எம்மேல பழி போட வந்தீங்களா?"

"ஐயோ, இல்லக்கா. போட்ட விதத்தைத்தான் கேக்கறேன்."

"எல்லாரும் போட்ட மாதிரிதான் போட்டேன். மெசேஜ் வந்துச்சு." அவள் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை நீட்டினாள். நகராட்சியிலிருந்து வந்த குறுஞ்செய்தி. பெயர், பதிவு எண், கீழே முகவரி.

"மெசேஜா?" உலாத்தே நிமிர்ந்தார். "எனக்குப் பச்சை டிக்தான் வந்தது. மெசேஜ் எதுவும் வரலையே." அவர் முகவரியைப் படித்தார். "பார்மசியிலேருந்து நூறு மீட்டர் தெக்கே... ஏங்க, எல்லாரும் ஐஸ் ஃபேக்டரிலேருந்துதானே சொல்லுவோம்?"

"எந்த ஐஸ் ஃபேக்டரி?" சொக்கோரோவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வந்த நாளா நானும் கேக்கறேன், எல்லாரும் ஐஸ் ஃபேக்டரி ஐஸ் ஃபேக்டரிங்கறீங்க. எங்கேன்னு கேட்டா சிரிக்கறீங்க. கண்ணுல படாததை வெச்சு நான் எப்படி எழுதுவேன்? எதிர்ல பார்மசி தெரிஞ்சுது, எழுதினேன். எங்க ஊர் மனாகுவாலயாவது ஏரிப் பக்கம்னு சொன்னா அங்க ஒரு ஏரி இருக்கும்."

கிரெத்தல் இதைக் கேட்டுச் சிரித்தபடியே கைபேசியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?"

"சும்மா முதலாளி. என் நாய்க்கு ஒரு பட்டா. பெயர், தோன் பெலூதோ. தொழில், குரைத்தல். முகவரி, பழைய ஐஸ் ஃபேக்டரியிலிருந்து நூறு மீட்டர் கிழக்கே. அனுப்பு." அவள் விரலை வைத்தாள். "ஆ! பச்சை டிக். 'நன்றி, கிடைத்தது.' நாய்க்கு வீடு கிடைச்சாச்சு, எனக்குத்தான்..."

"கிரெத்தல்."

"விளையாட்டுக்குத்தான், திட்டாதீங்க."

"உன் போன்ல டேட்டா இருக்கா?"

"அதான் சொன்னேனே, வெள்ளிக்கிழமையிலேருந்து..."

அவள் நிறுத்தினாள். கல்லில் ரொட்டி கருகுகிற வாசனை வந்தது. யாரும் திருப்பிப் போடவில்லை.

"டேட்டா இல்லை," என்றார் உலாத்தே மெதுவாக. "இங்க வைஃபையும் இல்லை. உன் போன்லேருந்து ஒரு எறும்புகூட வெளிய போக முடியாது. அப்போ 'கிடைத்தது'ன்னு சொன்னது யாரு?"

கிரெத்தல் கைபேசியைத் தேளைப் பிடித்த மாதிரி பிடித்துக்கொண்டாள்.

"இப்போ அதே நாய்க்கு முகவரியை மாத்து. பார்மசியிலேருந்து நூறு மீட்டர்னு போடு."

போட்டாள். சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு: *இணைப்பு இல்லை. மீண்டும் முயலவும்.*

"பார்மசின்னா வெளிய போகப் பாக்குது," என்றாள் கிரெத்தல். "ஐஸ் ஃபேக்டரின்னா போகவே பாக்கலை. நன்றி சொல்லிட்டுப் படுத்துக்குது."

"நகராட்சிக்காரன் எதையும் தின்னலை," என்றார் உலாத்தே. "சாப்பாடு அவன் இலைக்கே போகலை. நம்ம ஒவ்வொருத்தர் போனுக்குள்ளயே மறிச்சிருக்காங்க. நம்ம ஊர்க்காரங்களோடதை மட்டும் பொறுக்கி. வெளியூர்ப் பொம்பளைக்கு ஐஸ் ஃபேக்டரி தெரியாது, அதனால தப்பிச்சுட்டா."

"இதைச் செய்யறவனுக்கு ஐஸ் ஃபேக்டரி தெரியணுமே முதலாளி. நகராட்சி வரைபடத்துல அது கிடையாதே."

அதைத்தான் உலாத்தேயும் நினைத்துக்கொண்டிருந்தார். நினைக்கப் பிடிக்காமல்.

அந்தப் பக்கத்தைச் செய்தவள் யோர்லெனி. பள்ளத்தில் பிறந்து பல்கலைக்கழகம் வரை போன பெண். வீட்டு முன்னறையில் மடிக்கணினியும், அதன் மேல் கோழி ஏறாமல் இருக்க ஒரு பிரம்புக் கூடையுமாக உட்கார்ந்திருந்தாள்.

"நாய்க்கு நன்றி சொல்லுதும்மா உன் பக்கம்," என்று கிரெத்தல் கைபேசியை அவள் முன் வைத்தாள். "டேட்டாவே இல்லாம. ரொம்ப மரியாதை தெரிஞ்ச பக்கம்."

யோர்லெனி பார்த்தாள். பயந்த மாதிரி தெரியவில்லை. "ஆமா. ஐஸ் ஃபேக்டரி போட்டீங்களா? அப்படித்தான் சொல்லும். நான்தான் எழுதினேன்."

கிரெத்தல் கைபேசியைத் தன் பக்கம் திரும்ப இழுத்துக்கொண்டாள்.

"நீயா எழுதினே?" என்றார் உலாத்தே.

"பின்ன? பாருங்க மாமா, இந்த மாதிரிப் பக்கம் செய்யற மென்பொருள்ல சில சோதனை ரெடிமேடா இருக்கும். பேர் காலியா இருக்கா, போன் நம்பர்ல எழுத்து இருக்கா, இந்த மாதிரி. அதுக்கு மேல வேணும்னா நாமளே ஒரு விதி எழுதி, முகவரி எழுதற கட்டத்து மேல மாட்டி விடலாம். அது சர்வருக்குப் போகறதுக்கு முன்னாடி, போன்லயே ஓடும். வீட்டு வாசல்ல வாட்ச்மேன் நிக்கற மாதிரி. உள்ள இருக்கறவருக்கு யார் வந்தாங்கன்னே தெரியாது, வாட்ச்மேன் விட்டாத்தான் உண்டு."

"சரி. உன் வாட்ச்மேன் ஐஸ் ஃபேக்டரிக்காரங்களை ஏன் விடலை?"

"இப்போ இல்லாத இடத்தை வெச்சு எழுதின முகவரியை நகராட்சி தள்ளுபடி பண்ணிடுமாம். ஒருதடவை தள்ளிட்டா மறுபடி போட முடியாதாம். அதனால அதையெல்லாம் அனுப்பாம நிறுத்தி வைன்னு சொன்னார்."

"நிறுத்தினா சிவப்பு எழுத்துல தப்புன்னு காட்டணும்தானே? நன்றி எதுக்கு?"

"நானும் அதைத்தான் கேட்டேன். நம்ம ஜனங்க சிவப்பைப் பார்த்தா பயந்து விட்டுடுவாங்க, பச்சையே காட்டு, நான் வீடு வீடாப் போய் ஒவ்வொருத்தர் முகவரியையும் திருத்தி அனுப்பி வைக்கறேன்னார். நிறுத்தினது அந்தந்தப் போன்லயேதான் கிடக்கும், நீங்க போகலைன்னா எங்கயும் போகாதுன்னு சொன்னேன். 'நான் போகாம இருப்பேனாம்மா'ன்னார்."

"யாரு?" என்றாள் கிரெத்தல்.

யோர்லெனி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரமிரோ மாமாதான். வேற யாரு சொன்னா நான் செய்வேன்? ஏன், அவர் போகலையா?"

வெளியே மழை வலுத்தது.

"வந்தார்," என்றார் உலாத்தே. "எங்க வீட்டுக்கு வந்தார். காபி குடிச்சார்."

"திருத்தினாரா?" என்றாள் யோர்லெனி.

உலாத்தே எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். "மறந்திருப்பான். அவனுக்கு ஆயிரம் வேலை. திருவிழா, தண்ணிக் குழாய், அது இதுன்னு. மறந்துட்டு, இப்போ பழியை நகராட்சி மேல போட்டுக்கிட்டு முழிக்கறான். ரமிரோன்னா அப்படித்தான்."

"ஆமா," என்றாள் கிரெத்தல். இந்தத் தடவை அவள் குரலில் கேலி இல்லை. "திரும்பப் போடக் கூடாதுன்னும் மறதியிலதான் சொல்லியிருப்பார்."

உலாத்தே அவளை முறைத்தார். பிறகு யோர்லெனியிடம் திரும்பினார். "தள்ளினா தள்ளட்டும், போகாமக் கிடக்கறதுக்கு அது மேல். அந்த விதியை எடுக்க எவ்வளவு நேரமாகும்?"

யோர்லெனியின் விரல்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. கண்ணீர் விசைப்பலகையில் விழுந்தது, அவள் துடைக்கவில்லை. "ஒரே வரி மாமா. எடுத்துட்டேன். போன்ல கிடக்கறதெல்லாம் அப்படியே இருக்கு. பக்கத்தைத் திரும்பத் திறந்தாப் போதும், தானாப் போயிடும். ஆனா ஒவ்வொருத்தரும் அவங்கவங்க போன்ல திறக்கணும். நாலு மணிக்குள்ள."

"ஊரே நகராட்சி வாசல்ல நிக்குது," என்றார் உலாத்தே. "போன்ல கை வைக்காதேன்னு அவன் சொன்னதைக் கேட்டுக்கிட்டு."

நகராட்சி வாசலில் ஊர் மழையில் நனைந்துகொண்டு நின்றது. படிக்கட்டில் ரமிரோ. மெகாபோனில் அவர் குரல் கரகரத்தது. "நாலு மணி வரைக்கும் அசைய மாட்டோம்!" கூட்டம் திரும்பச் சொன்னது. மேலே, நகராட்சிக் கடிகாரத்தில் நான்கு மணிக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

கிரெத்தல் கூட்டத்துக்குள் பாய்ந்தாள். "எல்லாரும் போனை எடுங்க! சங்கத்துப் பக்கத்தைத் திறங்க! உங்க விண்ணப்பம் போகவே இல்லை!"

"நீ யாரும்மா சொல்ல?" என்றார் ஒரு மீசைக்காரர். "ரெண்டு தடவை போட்டா செல்லாதுன்னு தலைவர் சொல்லியிருக்கார்."

"நாய் பிடிக்கறவ பேச்சைக் கேட்டு வீட்டை விடச் சொல்றியா?" என்றாள் இன்னொருத்தி.

ஒரு கைபேசியும் வெளியே வரவில்லை. எல்லோரும் படிக்கட்டைப் பார்த்தார்கள். ரமிரோவின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும். அது மட்டும்தான் போதும்.

உலாத்தே குடையோடு படியேறி, நண்பனின் தலைக்கு மேல் பிடித்தார். ஒரே குடைக்குள் இருவரும்.

"கண்டுபிடிச்சுட்டியா?" என்றார் ரமிரோ. மெகாபோனைத் தாழ்த்திக்கொண்டார்.

"யோர்லெனியைப் பார்த்துட்டு வர்றேன்."

ரமிரோவின் மீசை மட்டும் லேசாக அசைந்தது.

"மச்சான்," என்றார் உலாத்தே. "மறந்துட்டேன்னு சொல்லு. வீடு வீடாப் போய்த் திருத்தறேன்னு சொன்னே, வேலை மும்முரத்துல மறந்துட்டேன்னு சொல்லு. நான் நம்பறேன். இதோ இப்பவே எல்லாரையும் திறக்கச் சொல்லிடலாம். முடிஞ்சது கதை."

ரமிரோ மூச்சை விட்டார். "மறந்துதான் போயிட்டேன்டா. கடவுள் சத்தியமா. இந்தக் குழாய் வேலை, சாக்கடை வேலை... எப்படிச் சொல்றதுன்னு தெரியாம..."

"அவ்வளவுதானே." உலாத்தேயின் முகத்தில் வெளிச்சம் வந்தது. வந்து, பாதியில் நின்றது. "அப்போ உனக்கு எப்படி மெசேஜ் வந்தது?"

"என்ன மெசேஜ்?"

"உன் விண்ணப்பம் போய்ச் சேர்ந்துச்சே. போனவங்களுக்கு நகராட்சி மெசேஜ் அனுப்புது. கீழே முகவரி இருக்கும். எடுத்துப் படி."

"அதெல்லாம் இப்போ எதுக்கு..."

"மெகாபோன்ல படி ரமிரோ."

பேச்சின் நடுவில் ரமிரோவின் விரல் பட்டு மெகாபோனின் பொத்தான் அழுந்தியிருந்தது. மெசேஜ் பற்றிப் பேசியது முழுவதும் தெருக்கோடி வரை கேட்டுவிட்டது.

"யாருக்கெல்லாம் நகராட்சி மெசேஜ் வந்துச்சு?" என்று கீழேயிருந்து கத்தினாள் கிரெத்தல். "கையைத் தூக்குங்க!"

கூட்டத்தின் கடைசியில், மாவு ஒட்டிய ஒரே ஒரு கை உயர்ந்தது. சொக்கோரோ. "எனக்கு வந்துச்சு! பார்மசியிலேருந்து நூறு மீட்டர் தெக்கேன்னு போட்டிருக்கு. ஐஸ் ஃபேக்டரின்னு போட்டவங்க யாருக்கும் வரலையாம்!"

"தலைவருக்கு வந்துச்சாமே," என்றார் மீசைக்காரர். "படிங்க தலைவரே. எங்களுக்கும் தெரியட்டும்."

ரமிரோவின் கை சட்டைப் பைக்குப் போகவில்லை. உலாத்தேதான் கையை விட்டுக் கைபேசியை எடுத்தார். ரமிரோ தடுக்கவில்லை. தடுத்திருக்கலாம், தடுத்தால் என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும்.

ஐஸ் ஃபேக்டரிக்கு எதிர்வீட்டில் பிறந்தவர் ரமிரோ. அவருடைய அப்பா அங்கே பனிக்கட்டி சுமந்தவர். அந்தக் கட்டடத்தை இடித்தபோது குறுக்கே படுத்துப் போலீஸிடம் அடி வாங்கியவர் ரமிரோ. இன்று காலைகூட ஒரு கூரியர்க்காரனிடம் பார்மசியின் பெயரைக் கேட்டதற்கே நெஞ்சு பதறியவர்.

உலாத்தே படித்தார். மெகாபோனை வாயருகே தூக்க வேண்டியிருக்கவில்லை. பொத்தான் அழுந்தியபடி அது இரண்டு பேருக்கும் நடுவில்தான் இருந்தது.

"பார்மசியிலிருந்து நூற்றைம்பது மீட்டர் மேற்கே."

மீசைக்காரர் படிக்கட்டிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மேட்டுல ஒரு வீடு தர்றேன்னான் அந்த பில்டர்," என்றார் ரமிரோ. மெகாபோனை அணைத்துவிட்டிருந்தார். குரல் உலாத்தேக்கு மட்டும். "வருஷா வருஷம் ஆறு என் கட்டில்ல ஏறிப் படுக்குது. அலுத்துப் போச்சுடா. பட்டாவும் இருந்தா வீட்டைக் கொஞ்சம் பெரிசாக் கேக்கலாம்னு என்னோடதை மட்டும் அனுப்பினேன். உனக்கும் ஒண்ணு கேட்டு வாங்கித் தர்றதாத்தான் இருந்தேன்."

"நான் அன்னிக்கு முகவரியை அடிக்கறப்போ நிறுத்தினேன்," என்றார் உலாத்தே. "ஞாபகம் இருக்கா? பார்மசின்னு போட்டா நகராட்சிக்காரனுக்குச் சுலபமாப் புரியுமேன்னு கேட்டேன். நீதான் என் தோள்ல கையைப் போட்டு, நம்ம ஆளுங்க அப்படி எழுதலாமாடா, ஐஸ் ஃபேக்டரின்னு போடுன்னே. போட்டேன். பச்சை டிக் வந்ததும் என் பொண்டாட்டி உனக்கு இன்னொரு காபி ஊத்தினா."

ரமிரோ மெகாபோனின் வாரை விரலில் சுற்றினார்.

"என்னோடதையுமாடா?"

உலாத்தே கைபேசியை அவர் பையிலேயே திரும்பப் போட்டார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். மழை ரமிரோவின் தலையில் நேராக விழுந்தது.

கிரெத்தல் மேலே ஓடி, தளர்ந்த கையிலிருந்து மெகாபோனைக் கழற்றினாள். "கேட்டீங்கல்ல? இப்போ நாய் பிடிக்கறவ சொல்றேன்! எல்லாரும் பக்கத்தைத் திறங்க. திறந்தாப் போதும், ஒண்ணும் அடிக்க வேண்டாம். டேட்டா இல்லாதவங்க, இதோ பின்னாலயே ஓடி வந்திருக்கற யோர்லெனி பக்கத்துல போய் நில்லுங்க, அவ போன்லேருந்து தர்றா. என்னை இடிக்காதீங்க, எனக்கும் டேட்டா இல்லை!"

குடைகள் சாய்ந்தன. நூறு கைகள் பைகளுக்குள் போயின. மழைத் துளி பட்ட திரைகளைச் சட்டை முனையால் துடைத்துத் துடைத்துத் திறந்தார்கள். பொத்தான் கைபேசி வைத்திருந்த ஒரு பெரியவர், தன் விண்ணப்பத்தைப் போட்டுக் கொடுத்த மகளைத் தேடி முழங்கையால் வழி பண்ணிக்கொண்டு போனார்.

முதல் சத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. 'டிங்.' பிறகு இன்னொன்று. பிறகு வாசல் முழுக்க, தகரத்தில் ஆலங்கட்டி விழுந்த மாதிரி. மீசைக்காரர் தன் குறுஞ்செய்தியை உரக்கப் படித்துவிட்டு, மனைவியிடம் கொடுத்து அவளையும் ஒரு தடவை படிக்கச் சொன்னார்.

உலாத்தேயின் கைபேசி கடைசியில் ஒலித்தது. *பழைய ஐஸ் ஃபேக்டரியிலிருந்து இருநூறு மீட்டர் தெற்கே.* ரமிரோ சொல்லி, இவர் அடித்த வார்த்தைகள். ஓர் எழுத்துகூட மாறவில்லை. மேலே கடிகாரம் நான்கு அடித்தது.

அவர் திரும்பிப் பார்த்தபோது படிக்கட்டு காலியாக இருந்தது.

திரும்பி வரும்போது பள்ளத்தின் முனையில் கூரியர்க்காரன் நின்றான். நனைந்த கோழி மாதிரி. பார்சலைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்திருந்தான்.

"சார், கும்பிடறேன். சொக்கோரோ அம்மா வீட்டுக்கு இல்லாத ஃபேக்டரியை வெச்சு வழி சொல்லாதீங்க. இருக்கறதை வெச்சுச் சொல்லுங்க."

கிரெத்தல் வாயைத் திறந்தாள். உலாத்தே முந்திக்கொண்டார்.

"இதோ இந்தத் தெரு. நேராப் போ. ரமிரோ வீடு இருந்த இடம் வரும். அதுலேருந்து அம்பது மீட்டர் ஆத்துப் பக்கம்."

கூரியர்க்காரன் எட்டிப் பார்த்தான். தெருவின் நடுவே ஒரு நீல வீடு. ஜன்னலில் விளக்கு எரிந்தது. திரைக்குப் பின்னால் யாரோ நடமாடினார்கள்.

"அந்த நீல வீடா சார்? அதான் இன்னும் இருக்கே?"

"எங்களுக்கு இல்லை," என்றார் உலாத்தே.